மீட்டர் திரை மினுங்கினால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்

செல்ஃப் பொத்தானை அழுத்தும் கணத்தில் மீட்டர் திரை அணைந்து மீண்டும் எரிவதும், வண்டி ஓடத் தொடங்கிய பிறகு கடிகாரம் மட்டும் 1:00 என்று காட்டிக்கொண்டிருப்பதும் இன்றைய மோட்டார் சைக்கிள்களில் அடிக்கடி கேட்கும் புகார்கள். இதைப் பார்த்தவுடன் மீட்டர் போய்விட்டது என்று முடிவுகட்டி, ஆயிரக்கணக்கில் செலவு வைக்குமே என்று கலங்குவோர் பலர். பெரும்பாலும் மீட்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இருப்பதில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும் அந்த ஓரிரு விநாடியில் பேட்டரியின் வோல்டேஜ் சரிகிறது. மீட்டருக்குள் இருக்கும் மின்னணுச் சுற்று தாங்கக்கூடிய அளவுக்குக் கீழே அது போனதும் திரை அணைந்து, புதிதாகத் தொடங்குகிறது. கடிகாரம் நேரத்தை மறந்துவிடுகிறது. ஆகவே திரையில் எந்தக் கோளாறு தெரிந்தாலும், திரையைக் குற்றம் சொல்வதற்கு முன் மின்சாரத்தை அளந்து பார்ப்பதே இந்தக் கையேடு சொல்லும் முறை. பெங்களூருவின் நெரிசலிலும் மழையிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பேஸ்மென்டிலும் வண்டியை வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கும் நம்மவர்களை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

பழைய வண்டிகளில் பேட்டரி செத்துக் கிடந்தாலும் கிக்கரை உதைத்து வீடு வந்து சேர்ந்துவிடலாம். இப்போது நிலைமை வேறு. 2017 ஏப்ரல் முதல் புதிய இரு சக்கர வண்டிகளின் முகப்பு விளக்கு, இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் எரிய வேண்டும் என்ற விதி வந்தது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. 2020 ஏப்ரலில் புகை மாசைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபோது கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்தே போய், அதன் இடத்தில் மின்சாரத்தால் ஓடும் பெட்ரோல் பம்ப்பும், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும், இவற்றை ஆளும் இ.சி.யு. என்ற சிறு கணினியும் வந்து அமர்ந்தன. கூடவே பல மாடல்களில் கிக்கரும் போயிற்று. பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் பம்ப் பெட்ரோலை அனுப்பாது, இ.சி.யு.வும் விழிக்காது, அந்த நிலையில் இரண்டாவது கியரில் போட்டு எவ்வளவு தூரம் தள்ளினாலும் வண்டி கிளம்பாது.

மின்சாரம் வரும் வழியும் போகும் வழியும்

இன்ஜினின் பக்கவாட்டில், காந்தம் பொருத்திய சக்கரம் சுழலும்போது அதன் நடுவில் இருக்கும் ஸ்டேட்டர் காயில் மின்சாரத்தை உண்டாக்குகிறது. அதை நேர்மின்சாரமாக்கி, அளவோடு பேட்டரிக்கு அனுப்புவது ரெகுலேட்டர் ரெக்டிஃபையர். மெக்கானிக்குகள் இதை ஆர்.ஆர். யூனிட் என்பார்கள். இன்ஜின் வேகமாகச் சுழன்றால்தான் ஸ்டேட்டர் தாராளமாகக் கொடுக்கும். வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் அது கொடுப்பது முகப்பு விளக்கு, பெட்ரோல் பம்ப், மீட்டர், பிரேக் விளக்கு ஆகியவற்றுக்கே சரியாகப் போய்விடும். லிக்விட் கூலிங் உள்ள வண்டியில் ரேடியேட்டர் ஃபேனும் ஓடினால் பற்றாக்குறை வந்து, அதைப் பேட்டரி ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

சில்க் போர்டிலோ, மாரத்தஹள்ளியிலோ, கே.ஆர். புரம் பாலத்தடியிலோ நின்று நின்று போகும் வண்டிக்கு நடப்பது இதுதான். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அலுவலகத்துக்கும், மாலையில் காய்கறி வாங்கவும் மட்டும் எடுக்கப்படும் வண்டியின் பேட்டரி, தினமும் ஓடியும்கூட நிறைவதே இல்லை. ஒவ்வொரு ஸ்டார்ட்டும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. அடுத்த பத்து நிமிட ஊர்தல் அதைத் திருப்பித் தருவதில்லை. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம், கியர் மாற்றி உண்மையாகவே ஓடும் சாலையில் வண்டியை எடுப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் நந்தி மலைப் பக்கம் போய் வருவதைப் பேட்டரி பராமரிப்பு என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். அதில் பொய் இல்லை.

சிக்னலில் கில் ஸ்விட்சால் இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியை அப்படியே விடும் பழக்கம் பலருக்கு உண்டு. இன்ஜின் நின்றாலும் மீட்டர், பின்விளக்கு, இ.சி.யு. எல்லாம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டுக் கடைக்குள் போகும்போதும் இதே கவனக்குறைவு நேர்ந்தால், திரும்பி வரும்போது டக் டக் என்ற ஒலி மட்டுமே கேட்கும். அது ஸ்டார்ட்டர் ரிலே திறந்து மூடும் ஒலி. பேட்டரியில் ரிலேயை இழுக்குமளவு மின்சாரம் இருக்கிறது, மோட்டாரைச் சுழற்றுமளவு இல்லை என்பதற்கு அது அடையாளம்.

மல்டிமீட்டரைக் கையிலெடுத்தல்

எஸ்.பி. ரோட்டின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். ஒரு முறை வீணாக மீட்டர் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. நேர்மின்சார வோல்டேஜ் 20 என்ற நிலையில் திருகி வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ் டெர்மினலிலும் கறுப்பு முனையை மைனஸிலும் தொட்டால் போதும். டெர்மினலைப் பிடித்திருக்கும் போல்ட்டின் மேல் வைக்காமல், பேட்டரியின் ஈயப் பகுதியையே தொட்டு அளந்தால் சரியான எண் கிடைக்கும்.

முதல் அளவு, வண்டி இரவெல்லாம் ஓய்ந்திருந்த பிறகு, காலையில் சாவி போடுவதற்கு முன். லெட் ஆசிட் பேட்டரி நல்ல நிலையில் நிறைந்திருந்தால் 12.6 முதல் 12.8 வரை காட்டும். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால் பங்கு; 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். ஓட்டி வந்து நிறுத்திய உடனே அளந்தால் எண் உண்மையைவிட உயர்வாக இருக்கும் என்பதால் அதை நம்ப வேண்டாம்.

இரண்டாவது அளவுதான் முக்கியமானது. முனைகளை அப்படியே பிடித்துக்கொண்டு, இன்னொருவரை செல்ஃப் அழுத்தச் சொல்லுங்கள். எண் ஒரு கணம் கீழே பாய்ந்து, இன்ஜின் பிடித்ததும் மேலே ஏறும். அந்தப் பாய்ச்சல் 10 வோல்ட்டுக்கு அருகில் நின்றுவிட்டால் கவலையில்லை. 9.6க்குக் கீழே, 8 அல்லது 7 வரை போனால், ஓய்வில் 12.6 காட்டிய பேட்டரியாக இருந்தாலும் அது உள்ளே தளர்ந்துவிட்டது. கடிகாரம் அழிவதும் ஏ.பி.எஸ். விளக்கு காரணமின்றி எரிவதும் அதனால்தான். ஓய்வு வோல்டேஜை மட்டும் பார்த்து பேட்டரி நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடும் கடைக்காரரிடம் இந்த இரண்டாவது அளவை எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது அளவு, இன்ஜின் ஓடும்போது. ஐடிலிங்கில் 13 வோல்ட்டைச் சுற்றி இருந்து, ஆக்ஸிலரேட்டரைத் திருகி 4000 ஆர்.பி.எம். அளவுக்குக் கொண்டுபோனதும் 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிலைத்தால் சார்ஜிங் சரியாக இருக்கிறது. ஆர்.பி.எம். ஏறியும் எண் 12லேயே தயங்கி நின்றால் ஸ்டேட்டர், ஆர்.ஆர். யூனிட், அவற்றை இணைக்கும் சாக்கெட் ஆகிய மூன்றில் ஒன்றில் கோளாறு. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது என்று பொருள். அப்படியே ஓட்டினால் பேட்டரி கொதிக்கும், மீட்டர், இ.சி.யு., விளக்குகள் எல்லாவற்றுக்கும் ஆபத்து. அந்த வண்டியை சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிக்கொண்டு போகாமல் ஏற்றிக்கொண்டு போவதே மேல்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் திரை மினுங்கினால், டெர்மினல் போல்ட்டுகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். பெங்களூருவின் குண்டுகுழிகளில் ஓடி ஓடி அவை தளர்வது சாதாரணம். கழற்றும்போது மைனஸை முதலிலும், மாட்டும்போது பிளஸ்ஸை முதலிலும் செய்ய வேண்டும். ஸ்பானர் பிளஸ்ஸிலிருந்து சட்டத்தின் இரும்பைத் தொட்டுத் தீப்பொறி பறக்காமல் இருக்க இந்த வரிசை. வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, உலர்த்தி, இறுக்கிய பிறகு மேலே சிறிது வாஸ்லின் தடவலாம். மைனஸ் வயர் வண்டியின் சட்டத்தோடு சேரும் எர்த் இணைப்பையும் இதே போலப் பார்க்க வேண்டும். அந்த ஒரு போல்ட் துருப்பிடித்திருந்தால், இண்டிகேட்டர் போடும்போதெல்லாம் மீட்டர் விளக்கும் சேர்ந்து துடிப்பது போன்ற விசித்திரங்கள் எல்லாம் நடக்கும்.

ஊருக்குப் போகும் முன்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மடிவாளாவில் பஸ் ஏறிவிடுகிறோம்; வண்டி பேஸ்மென்டில் நிற்கிறது. சாவி எடுத்த பிறகும் கடிகாரம், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர், இ.சி.யு.வின் நினைவகம் ஆகியவை துளித்துளியாக மின்சாரம் எடுக்கும். அது 3 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 72 மில்லி ஆம்பியர் அவர் (ஹவர், பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு). இருபது நாளில் ஏறக்குறைய ஒன்றரை ஆம்பியர் அவர். 150 சி.சி. வண்டியின் 4 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு இது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இதோடு திருட்டுக்குப் பயந்து மாட்டிய ஜி.பி.எஸ். டிராக்கர் 20 மில்லி ஆம்பியர் எடுத்தால், எட்டாம் நாள் பேட்டரியில் ஒன்றும் மிஞ்சாது. பாதிக்குக் கீழே இறங்கிய நிலையில் பல நாள் கிடந்த பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து, பிறகு சார்ஜ் செய்தாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

உங்கள் வண்டி உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்பதை அறிய, சாவியை எடுத்துச் சில நிமிடம் கழித்து மைனஸ் வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து (சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்ற மறக்க வேண்டாம்), வயருக்கும் டெர்மினலுக்கும் இடையில் பிடிக்க வேண்டும். அளவு மிகச் சிறியது என்று தெரிந்த பிறகு மில்லி ஆம்பியர் நிலைக்கு இறங்கலாம். இந்தச் சோதனையின்போது சாவியைப் போடவோ செல்ஃபைத் தொடவோ கூடாது. மல்டிமீட்டரின் ஃபியூஸ் போய்விடும். அதிகமாகக் காட்டினால், கூடுதலாக மாட்டியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது எண் விழுகிறது என்று பாருங்கள். டிராக்கர், அலாரம், சாவி எடுத்த பிறகும் எரியும் யு.எஸ்.பி. சார்ஜரின் நீல விளக்கு ஆகியவை வழக்கமான குற்றவாளிகள்.

இரண்டு வாரத்துக்கு மேல் போவதானால் மைனஸ் வயரைக் கழற்றி, இன்சுலேஷன் டேப் சுற்றி ஒதுக்கி வைத்துவிடுவது எளிய வழி. திரும்பி வந்து மாட்டியதும் கடிகாரத்தைத் திருத்த வேண்டும். சில வண்டிகளில் ஐடிலிங் சிறிது நேரம் ஒழுங்கில்லாமல் இருந்து, தானாகச் சீராகும். ஓடோமீட்டரின் கிலோமீட்டர் கணக்கு அழியாத நினைவகத்தில் இருப்பதால் அதற்குப் பயப்பட வேண்டாம். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய், தானாக நிறுத்திக்கொள்ளும் சிறிய ஸ்மார்ட் சார்ஜரில் போடுவது இன்னும் நல்லது. பேஸ்மென்டில் பிளக் பாயின்ட் கேட்டு அசோசியேஷனிடம் நடக்கும் அலைச்சலும் மிச்சம். சார்ஜ் செய்யும் மின்னோட்டம் பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும்: 5 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு அரை ஆம்பியர். ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்று கார் பேட்டரி சார்ஜரில் மாட்டும் கடையைத் தவிர்க்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சாவியைக் கொடுத்து தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்வது உதவியைவிட உபத்திரவமே.

நீண்ட நாள் நிற்கும் வண்டியில் இன்னொரு தொல்லை எலி. சீட்டைத் தூக்கிப் பார்த்து, கடிபட்ட வயர் ஏதேனும் தெரிகிறதா என்று உறுதி செய்த பிறகே பேட்டரியை மாட்ட வேண்டும்.

கோளாறாகத் தெரியும், கோளாறு அல்ல

மின்சாரம் சரி என்று தெரிந்த பிறகு திரையைப் பார்க்கலாம். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் அணிந்து பார்த்தால் சில எல்.சி.டி., டி.எஃப்.டி. திரைகள் மங்கலாகவோ முழுக் கறுப்பாகவோ தெரியும். திரையிலிருந்து வரும் ஒளியும் கண்ணாடி அனுமதிக்கும் ஒளியும் குறுக்காக இருப்பதே காரணம். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தால் எழுத்துகள் தோன்றி, நிமிர்ந்தால் மறையும். வேறு கண்ணாடி வாங்குவதைத் தவிர இதற்கு வைத்தியம் இல்லை.

ஏப்ரல் வெயிலில் வெட்டவெளியில் நிறுத்திய வண்டியின் எல்.சி.டி. திட்டுத்திட்டாகக் கறுத்துப் போகலாம். சூடு ஓர் எல்லையைத் தாண்டும்போது திரையின் திரவப் படிகம் தன் ஒழுங்கை இழந்துவிடுகிறது. நிழலில் ஆறியதும் மீளும். ஆறிய பிறகும் கறை அப்படியே இருந்தால் மட்டுமே அது பழுது. நிறுத்தும்போது ஹேண்டிலைத் திருப்பி மீட்டரை வெயிலுக்கு முதுகு காட்டச் செய்வது, இல்லையேல் ஒரு துணியைப் போர்த்துவது பயன் தரும். சானிடைசர், பெட்ரோல், பாலிஷ் எதையும் மீட்டரின் பிளாஸ்டிக் முகத்தில் போட வேண்டாம், மங்கிவிடும். தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவிய பிறகே மெல்லிய துணியால் துடைக்க வேண்டும், ஏனெனில் காய்ந்த தூசியோடு துடைப்பதுதான் கீறல் விழுவதற்கு முதல் காரணம்.

மழைக்காலக் காலையில் மீட்டர் கண்ணாடிக்கு உட்புறம் மூச்சுவிட்டது போல மெல்லிய ஆவி படர்வது வேறு. உள்ளே துளிகள் திரண்டு அடியில் தேங்குவது வேறு. காற்று போய் வர மீட்டரில் நுண்ணிய வழி இருப்பதால் முதலாவது இயல்பு, ஓடிய சிறிது நேரத்தில் மறையும். இரண்டாவது, சீல் விட்டுப்போனதன் அடையாளம். தேதி தெரியும்படி புகைப்படம் எடுத்து, வாரண்டிக் காலத்துக்குள் புகார் செய்ய வேண்டும். ஹேர் டிரையரால் காய்ச்சுவதும் மீட்டரைப் பிரித்துத் துடைப்பதும் வாரண்டியைக் கெடுத்துக்கொள்ளும் வேலை.

பெட்ரோல் மீட்டரின் கணக்கு டேங்கில் மிதக்கும் ஒரு மிதவையை நம்பி நடக்கிறது. சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது காட்டும் கோடுகளுக்கு மதிப்பில்லை. பெட்ரோல் குலுங்கும்போதெல்லாம் கோடு துள்ளாமல் இருக்க, மீட்டர் வேண்டுமென்றே மெதுவாக மாறும்படி அமைக்கப்பட்டிருக்கும். பெட்ரோல் பங்க்கில் நிரப்பிய உடனே கோடு ஏறவில்லை என்று ஊழியரிடம் சண்டைக்குப் போகும் முன் சிறிது தூரம் ஓட்டிப் பார்ப்பது நியாயம். இன்னும் இவ்வளவு கிலோமீட்டர் போகலாம் என்று சொல்லும் எண், அண்மையில் வண்டி கொடுத்த மைலேஜை வைத்துப் போடும் கணக்கு. ஓசூர் ரோட்டு நெரிசலில் அது மளமளவென்று இறங்கும். அத்திப்பள்ளி தாண்டி கிருஷ்ணகிரி நோக்கிச் சீராக ஓடும்போது, போகப் போகக் கூடவும் செய்யும். 30 கிலோமீட்டருக்குக் கீழே காட்டத் தொடங்கியதும் அந்த எண்ணை மறந்துவிட்டு பங்க்கைத் தேடுவது என் வழக்கம். ஸ்பீடாமீட்டர் செல்போன் ஜி.பி.எஸ்.ஸைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுவதும் பழுது அல்ல. உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பதற்காகச் சற்று மிகைப்படுத்தியே அமைக்கிறார்கள்.

விளக்குகளில், இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு சாவி போட்டதும் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் அதுவும் கோளாறுதான். சாவி போட்டதும் டேங்குக்குள்ளிருந்து இரண்டு மூன்று விநாடி ‘ம்ம்ம்’ என்று ஓர் ஒலி கேட்கும். பம்ப் அழுத்தம் ஏற்றும் ஒலி அது. அது அடங்கும்வரை காத்திருந்து செல்ஃப் அழுத்துங்கள். ஏ.பி.எஸ். விளக்கு நிற்கும்போது எரிந்துகொண்டிருந்து, வண்டி நகர்ந்து சிறிது வேகம் எடுத்ததும் அணைவதே முறை, ஏனெனில் சக்கரம் சுழன்றால்தான் சென்ஸார் சோதிக்கப்படும். சேறு நிறைந்த தெருவில் போய் வந்த பின் அணையாமல் இருந்தால், சக்கரத்தின் துளையிட்ட வளையத்தையும் சென்ஸாரையும் கழுவிப் பாருங்கள். ஸ்பானர் படம் கிலோமீட்டர் கணக்கில் வரும் சர்வீஸ் நினைவூட்டல், அவசரம் இல்லை. சிவப்பு ஆயில் விளக்கு ஓடும்போது எரிந்தால் அடுத்த நொடியே இன்ஜினை நிறுத்த வேண்டும்.

செல்போனோடு இணைப்பது

2018இல் டி.வி.எஸ். என்டார்க் ஸ்கூட்டரும், 2020இல் ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350இன் ட்ரிப்பர் என்ற சிறு வட்டத் திரையும் வந்த பிறகு, மீட்டரில் வழி பார்ப்பது சாதாரணமாகிவிட்டது. வழியைக் கணக்கிடுவது மீட்டர் அல்ல, செல்போன். மீட்டர் அம்புக்குறியை மட்டும் வாங்கிக் காட்டுகிறது. பாதி வழியில் அம்புக்குறி உறைந்து நின்றால் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு, பேட்டரியை மிச்சப்படுத்துவதாக எண்ணி அந்தச் செயலியைத் தூங்க வைத்திருக்கும். செட்டிங்ஸில் அந்தச் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, இருப்பிட அனுமதியை ‘எப்போதும்’ என்று வைத்து, அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதியையும் கொடுத்தால் பாதித் தொல்லை தீரும். இணைப்பே பிடிக்கவில்லை என்றால் போனிலும் மீட்டரிலும் பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் பலன் இல்லை. ஹேண்டிலில் போனை மாட்டுவோர் அதிர்வு தாங்கும் ஹோல்டரைப் பயன்படுத்துவது நல்லது. மோட்டார் சைக்கிள் இன்ஜினின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருக்கிறது.

கூடுதலாக மாட்டும்போது

ஜே.சி. ரோட்டில் எதைக் கேட்டாலும் அரை மணியில் மாட்டித் தருவார்கள். பல்லால் வயரைச் சீவி, டேப் சுற்றி, வண்டியின் அசல் வயர்த் தொகுப்பான ஹார்னெஸில் முறுக்கிவிடும் அந்த வேகத்தில்தான் ஆபத்து இருக்கிறது. 40 வாட் ஃபாக் விளக்கு ஏறக்குறைய 3 ஆம்பியர் எடுக்கும்; முகப்பு விளக்கின் வயரிலிருந்து அதை இழுத்தால் அந்த மெல்லிய வயரும் ஸ்விட்சும் சூடாகும். பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ், சாவி போட்டால் மட்டும் வேலை செய்யும் ரிலே என்ற மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் மாடலுக்கான கப்ளர் செட் கிடைத்தால் வயரை வெட்டவே தேவையில்லை. வெட்டிய ஹார்னெஸுக்கு வாரண்டி கிடைக்காது என்பதை மறக்கக்கூடாது. ஃபியூஸின் நிறமே அளவைச் சொல்லும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. சிவப்பு போனால் சிவப்பையே போட வேண்டும். போய்க்கொண்டே இருக்கிறது என்று மஞ்சளைப் போட்டால், அடுத்த முறை எரிவது வயர்.

மழையும் வெள்ளமும்

மழையில் ஓட்டுவதால் இந்த வண்டிகளுக்கு ஒன்றும் ஆகாது. வாட்டர் சர்வீஸில் அழுத்தக் குழாயை மீட்டர், ஸ்விட்சுகள், சாவித் துளை, சீட்டுக்கு அடியில் இருக்கும் சாக்கெட்டுகள் ஆகியவற்றின் மேல் நேராகப் பிடிப்பதுதான் கெடுக்கிறது. அங்கெல்லாம் சாதாரணக் குழாய் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கழுவிய மறுநாள் வண்டி கியரில் போட்டதும் நின்று போனால், சைடு ஸ்டாண்டு சென்ஸாரில் சேறோ ஈரமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

2022 செப்டம்பரில் பெல்லந்தூர், அவுட்டர் ரிங் ரோடு பகுதிகளில் நடந்தது போல, பேஸ்மென்டில் வெள்ளம் புகுந்து சீட் மட்டத்துக்கு ஏறியிருந்தால், சாவியையே போடக்கூடாது. மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு வண்டியை ஏற்றி அனுப்ப வேண்டும். ஈரமான சாக்கெட்டுகளில் மின்சாரம் பாய்ந்தால், காய வைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய இ.சி.யு.வும் போகும், இன்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் செல்ஃப் அழுத்துவது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும்.

நடுவழியில் பேட்டரி இறங்கினால்

ஃபாக் விளக்கு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் விலக்கி, சில நிமிடம் விட்டு ஒரு முறை முயலுங்கள்; தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுப்பதானால் அதன் இன்ஜின் நின்றிருக்க வேண்டும், கார் என்றால் கட்டாயம். பிளஸ்ஸோடு பிளஸ்ஸை இணைத்து, பிறகு நல்ல பேட்டரியின் மைனஸில் கறுப்பு வயரின் ஒரு முனையையும், உங்கள் வண்டியின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில் மறுமுனையையும் மாட்ட வேண்டும். முனைகள் மாறினால் ஃபியூஸோடு ஆர்.ஆர். யூனிட்டும் போகும் என்பதால், இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தே மாட்டுங்கள். மீட்டரில் விளக்குகள் எரிந்து, பம்ப் ஒலியும் கேட்டு, ஸ்டார்ட்டர் மட்டும் சுழலவில்லை என்றால் தள்ளி ஸ்டார்ட் செய்வதற்கு வாய்ப்பு உண்டு. கிளம்பிய பிறகு நேரே வீட்டுக்கோ பேட்டரிக் கடைக்கோ போக வேண்டும். மூன்று நான்கு ஆண்டு கண்ட பேட்டரிக்கு இது விடைபெறும் நேரமாகவே இருக்கும்.

சர்வீஸ் சென்டரில் சொல்ல வேண்டியது

‘மீட்டர் சரியில்லை’ என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். எப்போது நடக்கிறது, இன்ஜின் சூடாக இருந்ததா குளிர்ந்திருந்ததா, அன்று காலை எடுத்த மூன்று வோல்டேஜ் அளவுகள் என்ன என்பதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, எரியும் விளக்கின் வீடியோவையும் காட்டுங்கள். ஸ்கேனரை மாட்டி எர்ரர் கோடைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பி0562 என்று வந்தால் வோல்டேஜ் குறைவு என்று பொருள், அப்போது மீட்டரைப் பற்றிப் பேசவே இடமில்லை. எர்ரர் கோடை அழித்துவிட்டு வண்டியைத் திருப்பித் தருவது பழுது நீக்கியதாகாது. காரணம் இருக்கும்வரை விளக்கு மீண்டும் எரியும். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம் பக்கம் தமிழ் பேசும் மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை என்பதால், நிறுவன சர்வீஸ் சென்டரில் பெரிய தொகை சொன்னால் பேட்டரியையும் எர்த்தையும் சோதித்துச் சொல்ல அவர்களில் ஒருவரைக் கேட்டுவிட்டு வரலாம்.

எல்லாம் பார்த்தும் மீட்டரைத்தான் மாற்ற வேண்டும் என்றானால், பழைய மீட்டரின் கிலோமீட்டர் எண்ணைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, புதியதில் அதே எண் ஏற்றித் தரப்படுமா, பூஜ்யத்திலிருந்து தொடங்குமா என்று முதலிலேயே கேளுங்கள். பூஜ்யத்திலிருந்து என்றால், மாற்றிய தேதியும் அன்றைய கிலோமீட்டரும் பில்லிலும் சர்வீஸ் புத்தகத்திலும் முத்திரையோடு இருக்க வேண்டும். பின்னால் வாரண்டி கேட்கும்போதும், வண்டியை விற்கும்போதும் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.